பிள்ளையின் மனமும் பெற்றோரின் குருதியும்

“தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை” என்பது நம் இல்லங்களில் அன்றாடம் புழங்கும் பழமொழி. பிள்ளை நன்கு ஓதினால், பாட்டனாரின் அறிவு இறங்கியிருக்கிறது என்று பெருமை கொள்கிறோம். அதே பிள்ளை காரணமின்றிச் சினந்து கையில் கிடைத்ததை உடைத்தால், நாள்கணக்கில் பேசாமல் மூலையில் முடங்கினால், ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாமல் அலைந்தால், அந்தப் பழமொழியே குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. “இது வாப்பா வழி வந்ததா, உம்மா வழி வந்ததா?” என்று சுற்றத்தார் ஆராயத் தொடங்குகின்றனர். மூத்தவர் ஒருவர், நெடுநாள் முன் மறைந்துபோன ஓர் உறவினரின் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்கிறார். மணப்பேச்சு நடக்கும் வீடானால் அப்பெயர் சொல்லப்படுவதே இல்லை.

மனநிலைக் கோளாறுகளும் நடத்தைக் கோளாறுகளும் சில குடும்பங்களில் தலைமுறைதோறும் தலைகாட்டுவது உண்மையே. மனிதர் இதனை நெடுங்காலமாக அறிந்திருக்கின்றனர். அறிந்ததை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தனர் என்பதை வரலாற்றில் நாம் உற்று நோக்க வேண்டும். ஒரு காலத்தில் அவ்வறிவு நோயாளியைப் புரிந்துகொள்ளப் பயன்பட்டது. வேறொரு காலத்தில் அதுவே குடும்பங்களை வேரறுக்கும் வாளாயிற்று. பின்னும் ஒரு காலத்தில் அது மறக்கப்பட்டு, பழி முழுவதும் தாயின் தலையில் விழுந்தது. இவற்றையெல்லாம் கடந்தே இன்றைய அறிவு நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவ்வழியை ஒருமுறை நடந்து பார்ப்போம்.

கைரவான் மருத்துவர்கள்

இன்றைய துனீசியாவில் உள்ள கைரவான், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் பெருங்கல்வி நகராக விளங்கியது. பக்தாதிலிருந்து அங்கு வந்த இஸ்ஹாக் இப்னு இம்ரான் என்னும் மருத்துவர், அக்லபு வமிச மன்னரின் அவையில் பணிபுரிந்தார். கி.பி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த இவர், ‘மாலீகூலியா’ என்று அக்கால மருத்துவர் அழைத்த கடும் மனச்சோர்வு நோய் பற்றித் தனி நூல் ஒன்று எழுதினார். சிலருக்கு இந்நோயின் வித்து பிறப்பிலேயே விழுந்துவிடுகிறது என்றும், தந்தையின் வித்திலோ தாயின் கருப்பையிலோ நேர்ந்த கேடு அதற்குக் காரணமாகலாம் என்றும் அந்நூலில் அவர் குறித்தார்.

அவர் அத்தோடு நின்றுவிடவில்லை. அருமைப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கும், ஈடு செய்ய இயலாத நூல்களை இழந்த அறிஞருக்கும் இதே நோய் வரக்கூடும் என்றும் எழுதினார். பிறப்பில் வருவது, வாழ்வில் நேர்வது ஆகிய இரண்டிற்கும் அவர் இடம் கொடுத்தார். உணவு, நீராடல், மருந்து ஆகியவற்றோடு, நோயாளியிடம் இதமாகப் பேசுவதையும் சிகிச்சையாகவே கொண்டார்.

ஏறக்குறைய அதே காலத்தில், ஹிஜ்ரி 322-இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ என்னும் பேரறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக அமைத்தார். துயரத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். இழப்பு, ஏமாற்றம் என்று காரணம் சொல்லத்தக்க துயரம் ஒன்று. காரணமே அறிய இயலாமல் உள்ளிருந்து எழும் துயரம் மற்றொன்று. கைரவானில் தோன்றிய மற்றொரு மருத்துவரான இப்னுல் ஜஸ்ஸார், குழந்தை வளர்ப்பிற்கும் குழந்தை நோய்களுக்குமென்றே ஒரு நூல் எழுதினார். பிள்ளைகளின் இயல்பையும், அவர்களைப் பழக்கும் முறையையும் அந்நூல் பேசுகிறது.

அக்கால மருத்துவம் நம்பிய நால்வகை உடல்நீர்க் கொள்கையை இன்று எவரும் ஏற்பதில்லை. எனினும், பிறப்பில் வந்ததாயினும் அதற்கு மருத்துவம் உண்டு என்ற அவர்களது நோக்கு நினைவில் வைக்கத்தக்கது. இஸ்ஹாக்கின் நூல் பதினோராம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கரான கான்ஸ்டன்டைன் என்பவரால் லத்தீனில் வடிக்கப்பட்டு ஐரோப்பா சென்றது. நூல் சென்றது; ஆனால் அந்த நோக்கு பின்னாளில் அங்கு நிலைக்கவில்லை.

ஐரோப்பா அளித்த தீர்ப்பு

1857-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் மொரேல், ‘சீரழிவு’ என்ற கொள்கையை ஒரு பெருநூலாக வெளியிட்டார். ஒரு குடும்பத்தில் முதல் தலைமுறையில் படபடப்பும் ஒழுக்கக்கேடும் தோன்றும். அடுத்து வலிப்பும் உன்மத்தமும் வரும். பின்னர் மூளை வளர்ச்சியற்ற பிள்ளைகள் பிறந்து அவ்வமிசமே அற்றுப்போகும் என்பது அதன் சாரம். நோய்வாய்ப்பட்ட ஒரு பிள்ளை, இக்கொள்கையின் கண்களுக்கு, அழிந்துகொண்டிருக்கும் வமிசமொன்றின் அறிகுறியாகவே தெரிந்தது. 1883-இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன், நல்வித்தைப் பெருக்கித் தீயவித்தைக் குறைக்கும் இயலுக்கு ‘யூஜெனிக்ஸ்’ என்று பெயரிட்டார். இனத் தூய்மை என்ற நச்சுக் கருத்திற்கு அறிவியலின் பெயரால் ஓர் அரியணை கிடைத்தது.

நிதானமாக நோக்கியவர்களும் அக்காலத்தில் இருந்தனர். 1902-இல் லண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவில் குறையில்லாமல், தம்மை அடக்கிக்கொள்ள மட்டும் இயலாத 20 குழந்தைகளை அவர் அதில் விவரித்தார். அவர்களில் 15 பேர் ஆண்பிள்ளைகள். கவனம் நிலைக்காமை, அளவிறந்த சினம், தண்டனையால் திருந்தாமை ஆகியவற்றை அவர் கண்டார். நல்ல முறையில் வளர்க்கப்பட்ட வீடுகளிலும் இத்தகைய பிள்ளைகள் இருந்ததையும், குடும்பத்தில் பிறருக்கும் மனநோய் இருந்த செய்திகளையும் அவர் பதிவு செய்தார். இன்று ‘கவனக்குறைவு மிகைத்துடிப்புக் கோளாறு’ என்று வழங்கப்படுவதன் தொடக்க வரலாற்றில் இச்சொற்பொழிவுகளுக்குச் சிறப்பான இடம் உண்டு.

எனினும் ஆட்சியாளரின் செவியில் ஸ்டிலின் நிதானம் ஏறவில்லை. மொரேலின் அச்சமும் கால்டனின் கனவுமே ஏறின.

மூன்று தலைமுறைகள்

1907-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், ‘தகுதியற்றோர்’ என்று கருதப்பட்டவர்களைக் கட்டாய அறுவை மூலம் பிள்ளைப்பேறற்றவர்களாக ஆக்கும் சட்டத்தை இயற்றியது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. வர்ஜீனியா மாநிலச் சட்டத்தின் செல்லுபடியைச் சோதிக்கத் தெரிந்தெடுக்கப்பட்டவர் கேரி பக் என்னும் ஏழைப் பெண். அவருடைய தாய் முன்னரே ‘அறிவு குன்றியவர்’ என்று காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தார். வளர்ப்புக் குடும்பத்தில் வாழ்ந்த கேரி, அக்குடும்பத்தின் உறவினன் ஒருவனால் கெடுக்கப்பட்டுக் கருவுற்றார். குற்றத்தை மறைக்க அவரையும் அதே காப்பகத்திற்கு அனுப்பிவிட்டனர். 1924-இல் விவியன் என்ற பெண்மகவு பிறந்தது.

மூன்றாம் தலைமுறையிலும் குறை இருப்பதாகக் காட்டினால்தான் வழக்கு வலுப்பெறும். ஏழு மாதக் குழந்தையான விவியனைப் பார்த்த ஒரு பணியாளர், அதன் தோற்றத்தில் ஏதோ சரியில்லை என்று சாட்சியம் அளித்தார். அவ்வளவே சான்று! 1927 மே 2-ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம், எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, அறுவையைச் செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. மூன்று தலைமுறை அறிவிலிகள் போதும் என்ற கருத்தைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹோம்ஸ் அதில் பதித்தார். அவ்வாண்டு இறுதிக்குள் கேரிக்கு அறுவை நடந்தேறியது.

குழந்தை விவியன் என்னவானாள்? பள்ளியில் சேர்ந்தாள். 1931-இல் சிறந்த மாணவர் பட்டியலில் அவள் பெயர் இடம் பெற்றது. மறு ஆண்டு, எட்டு வயதில், நோய்ப்பட்டு இறந்தாள். கேரி 1983 வரை வாழ்ந்தார். நாளிதழ் படிப்பதும் சொற்புதிர் விடுவிப்பதும் அவருடைய பொழுதுபோக்கு. அவர் வமிசத்தில் இருந்ததாகச் சொல்லப்பட்ட குறை, வறுமையும் பிறர் இழைத்த கொடுமையுமே அன்றி வேறன்று. 2002-இல் வர்ஜீனியா ஆளுநர் வருத்தம் தெரிவித்தார். அதற்குள் அமெரிக்கா முழுவதிலும் 60,000-க்கு மேற்பட்டோர் இவ்வறுவைக்கு ஆளாகி முடிந்திருந்தது.

ஜெர்மனியில் இதனினும் கொடியது நிகழ்ந்தது. நாஜி அரசு 1933 ஜூலை 14-இல் இயற்றிய சட்டம், மரபுவழி நோய்கள் என்று ஒரு பட்டியலை வகுத்தது. எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோயும் அதில் ஒன்று. அச்சட்டத்திற்கு விளக்கவுரை எழுதியோரில் ஒருவர், மனநோய்கள் குடும்பத்தில் பரவுவதை ஆராய்ந்து புகழ்பெற்ற எர்ன்ஸ்ட் ரூடின். ஏறத்தாழ 4 லட்சம் பேர் பிள்ளைப்பேறற்றவர்களாக ஆக்கப்பட்டனர். 1939-இலிருந்து, குறையுள்ள குழந்தைகளை ‘சிறப்பு மருத்துவ அறை’களில் சேர்த்துக் கொல்லவும் தொடங்கினர். 5,000-க்குக் குறையாத குழந்தைகள் அங்கு மாண்டனர்.

தாயின் மீது விழுந்த பழி

இத்தகைய கொடுமைக்குத் துணைபோன பின்னர் ‘மரபு’ என்ற சொல்லையே உச்சரிக்க மருத்துவர் கூசினர். ஊசல் மறுபுறம் சென்றது. பிள்ளையின் மனக்கோளாறு அனைத்திற்கும் வளர்ப்பே காரணம் என்ற எண்ணம் அமெரிக்காவில் ஓங்கியது.

1943-இல் பால்டிமோர் நகர மருத்துவர் லியோ கானர், பிறரோடு உறவாட இயலாத 11 குழந்தைகளை விவரித்து, ‘ஆட்டிசம்’ எனும் நிலையை உலகிற்கு அறிவித்தார். அது பிறப்பிலேயே வருவது என்று அவரே எழுதியிருந்தார். ஆயினும் அப்பிள்ளைகளின் பெற்றோர் கனிவற்றவர்கள் என்ற அவருடைய வேறொரு குறிப்பையே பலரும் பற்றிக்கொண்டனர். பனிக்கட்டி போன்ற தாய் என்ற பட்டம் பிறந்தது. சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூல் இப்பழியை மேலும் பரப்பியது. நோயுற்ற பிள்ளையை இரவு பகலாகச் சுமந்த தாய்மார், அந்நோய்க்குத் தாங்களே காரணம் என்று கேட்டுத் தலை குனிந்தனர். இதை எதிர்த்து 1964-இலேயே நூல் எழுதியவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அவரே ஆட்டிசம் உடைய மகனின் தந்தை. 1969-இல் பெற்றோர் சங்கமொன்றின் கூட்டத்தில், பெற்றோர் குற்றமற்றவர்கள் என்று கானரே அறிவித்தார்.

குருதியைப் பழித்தவரும் வளர்ப்பைப் பழித்தவரும் ஒரே தவற்றைச் செய்தனர். நோய்க்குக் காரணம் தேடுவதை விடுத்து, குற்றவாளியைத் தேடினர்.

இரட்டையரும் வளர்ப்புப் பிள்ளைகளும்

ஒரே வீட்டில் ஒரே பெற்றோரிடம் பிறந்து வளரும் பிள்ளைக்குக் குருதியும் அவர்களுடையது, வளர்ப்பும் அவர்களுடையது. இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? ஆய்வாளர் இரு வழிகளைக் கையாண்டனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரையும், இரு கருக்களில் உருவான இரட்டையரையும் ஒப்பிடுவது முதல் வழி. ஒருவர் பெற்று மற்றொருவர் வளர்த்த பிள்ளைகளை ஆராய்வது இரண்டாம் வழி.

1977-இல் லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் ஆட்டிசம் உடைய 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒருகரு இரட்டையர் 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்கும் அந்நிலை இருந்தது. இருகரு இரட்டையர் 10 இணைகளில் ஒன்றிலும் அவ்வாறில்லை. தாயின் மீதிருந்த பழி இதனால் பெரிதும் நீங்கியது. மிகைத்துடிப்புள்ள குழந்தைகளைப் பற்றியும் 1970-களில் ஸ்டூவர்ட், மாரிசன், கான்ட்வெல் முதலியோர் ஆராய்ந்தனர். பெற்று வளர்த்த பெற்றோரிடம் அத்தகைய இளமைப் பருவத் தொல்லைகளும் மனநலக் குறைகளும் மிகுதியாகக் காணப்பட்டன. எடுத்து வளர்த்த பெற்றோரிடம் அவ்வாறு காணப்படவில்லை.

மேற்சொன்ன இரட்டையர் ஆய்வை இன்னொரு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரே மரபைப் பெற்ற 11 இணைகளில் 7 இணைகளில் ஒருவருக்கு மட்டுமே அந்நிலை இருந்தது. மரபு ஒன்றாக இருந்தும் முடிவு வேறாக இருந்தது.

ஆமிஷ் மக்களின் வமிசப் பதிவு

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் வட்டாரத்தில் ஆமிஷ் என்னும் கிறித்தவ சமூகத்தார் வாழ்கின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஒரு சிறு கூட்டத்தின் வழியினர் இவர்கள். மோட்டார் வண்டியைத் தவிர்த்துக் குதிரை வண்டியில் செல்வர். தம்முள்ளேயே மணம் செய்துகொள்வர். வமிசாவளியைக் கருத்தோடு பேணுவர். மது அருந்துவது அரிது. ஆதலால் மனநோயைக் குடிப்பழக்கம் மறைத்துவிடுவதில்லை. அவர்களிடையே நெடுங்காலம் பழகிய ஜேனிஸ் எக்லண்ட் என்னும் ஆய்வாளர், 1976-இல் மனநிலைக் கோளாறுகள் பற்றிய பேராய்வைத் தொடங்கினார். தம்மிடையே காணப்படும் இந்நோயையும் தற்கொலையையும் குறித்து அம்மக்களே தங்கள் வட்டார மொழியில், அது குருதியில் உள்ளது என்று சொல்லி வந்தனர்.

1880 முதல் 1980 வரையிலான நூறாண்டுகளில் அம்மக்களிடையே நிகழ்ந்த தற்கொலைகள் 26. அவற்றுள் நூற்றுக்கு 73 பங்கு நான்கே நான்கு வமிசங்களில் நிகழ்ந்தவை. குருதி என்ற சொல்லுக்கு இதைவிட வலிய சான்று வேண்டுமோ என்று தோன்றும். ஆனால் அதே பதிவுகள் மற்றொன்றையும் காட்டின. மனநிலைக் கோளாறு மிகுந்திருந்த வேறு வமிசங்களில் ஒரு தற்கொலைகூட நிகழவில்லை. நோய் இருந்தது; அழிவு வரவில்லை.

1987-இல் எக்லண்டும் அவருடைய குழுவினரும், ஆமிஷ் குடும்பமொன்றின் குருதியை ஆராய்ந்து, இந்நோய்க்குரிய மரபணு பதினோராம் குரோமோசோமில் இருப்பதாக ‘நேச்சர்’ இதழில் அறிவித்தனர். உலகம் வியந்தது. இரண்டே ஆண்டுகளில் அம்முடிவு சரிந்தது. நலமாக இருந்தவர் என்று கணக்கிடப்பட்ட இருவர் பின்னர் நோயுற்றனர். மேலும் பல உறவினரைச் சேர்த்து ஆராய்ந்தபோது முன்னைய கணக்கு நிற்கவில்லை. 1989-இல் அதே இதழில் அதுவும் வெளியாயிற்று.

அந்த ஆய்வில் பெற்றோருக்குப் பயன்படும் பகுதி வேறொன்று. நோயுற்று மருத்துவமனை சேர்ந்த 58 பேரின் முன்வரலாற்றை எக்லண்ட் குழுவினர் ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டனர். நோய் முழு வடிவில் வெளிப்படுவதற்கு 9 முதல் 12 ஆண்டுகளுக்கு முன்னரே, இளம் பருவத்தில், சிறு குறிகள் தோன்றியிருந்தன. விட்டு விட்டு வரும் சோர்வு, எரிச்சல், அடங்காச் சினம், ஊக்கத்தில் ஏற்றத்தாழ்வு ஆகியவை அவை. இக்குறிகள் எல்லாப் பிள்ளைகளிடமும் ஓரளவு உண்டு; அவற்றைக் கண்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குடும்ப வரலாறு அறிந்த பெற்றோர் அவற்றைச் சற்று முன்னதாகவே கவனிக்க முடியும்.

இன்று நாம் அறிந்தவை

இக்கோளாறுகளை ஒரு மரபணு உண்டாக்குவதில்லை. சிறு சிறு விளைவுடைய மிகப் பல மரபணுக்கள் கூடிச் சாய்வை மட்டுமே தருகின்றன. 2013-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, ஆட்டிசம், மிகைத்துடிப்புக் கோளாறு, இருதுருவ மனநோய், கடும் மனச்சோர்வு, மனச்சிதைவு ஆகிய ஐந்தும் மரபில் ஒரு பகுதியைப் பகிர்ந்துகொள்வதைக் காட்டியது. தந்தையிடம் சோர்வாக இருந்தது மகனிடம் இருப்புக் கொள்ளாமையாகத் தோன்றுவதன் காரணம் ஓரளவு இதனால் விளங்கும்.

மிகைத்துடிப்புக் கோளாற்றில் மரபின் பங்கு நூற்றுக்கு 74 என இரட்டையர் ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. இவ்வெண்ணைப் பலர் தவறாகப் படிக்கின்றனர். தந்தைக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 74 என்பது இதன் பொருளன்று. ஒரு மக்கட்கூட்டத்தில் ஒருவருக்கும் மற்றவருக்கும் காணும் வேறுபாட்டில் மரபால் விளைந்த பகுதியையே அது சுட்டுகிறது. தனிப்பட்ட ஒரு பிள்ளையின் வருங்காலத்தை அது சொல்லாது. மனச்சோர்வில் மரபின் பங்கு இதனினும் குறைவு. ஏறத்தாழ நூற்றுக்கு 37 மட்டுமே.

இனி, இவ்வரலாற்றில் நமக்கு மிகுந்த ஆறுதல் தரும் செய்தியைச் சொல்வோம். மனச்சோர்வுற்ற பெற்றோரின் பிள்ளைகளை 1980-களிலிருந்து தொடர்ந்து ஆராய்ந்தவர் நியூயார்க்கின் மிர்னா வைஸ்மன். அப்பிள்ளைகளுக்கும் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்கு என்று அவர் கண்டார். 2006-இல் அவரும் பிறரும் சேர்ந்து வேறொரு கேள்வி எழுப்பினர். தாய்க்கு மருத்துவம் செய்தால் பிள்ளை என்னவாகும்? மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற 151 தாய்மாரையும் அவர்களுடைய பிள்ளைகளையும் மூன்று மாதங்கள் கவனித்தனர். தாய் குணமடைந்த வீடுகளில், முன்பே கோளாறு இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 33 பேர் நலமடைந்தனர். தாய் குணமடையாத வீடுகளில் நூற்றுக்கு 12 பேரே நலமடைந்தனர். தாயிடமிருந்து பிள்ளைக்கு நோய் மட்டுமே வருகிறது என்று எண்ணியிருந்தோருக்கு, நலமும் அவ்வழியே வரும் என்று இவ்வாய்வு காட்டியது. தாய் நலமாயிருந்தால் பிள்ளை நலமாயிருக்கும் என்று நம் மூத்த பெண்மணிகள் சொல்லிவந்தது வெறும் வாய்ச்சொல் அன்று.

இவ்வளவையும் நோக்கும்போது நம் வீடுகளில் மாற வேண்டியது ஒன்று உண்டு. குடும்பத்தில் எவருக்கு மனநோய் இருந்தது, எவர் எந்த வயதில் வருந்தினார், எந்த மருத்துவம் அவருக்குப் பயன்பட்டது என்பவை மறைக்க வேண்டிய இழிவுகள் அல்ல. நீரிழிவும் இதய நோயும் எவருக்கு இருந்தன என்று மருத்துவர் கேட்டால் தயங்காமல் சொல்கிறோம். மனநோயைக் கேட்டால் மட்டும் வாய் மூடிக்கொள்கிறோம். அம்மௌனத்தின் விலையைப் பிள்ளை கொடுக்கிறது. பெரிய தகப்பனார் பட்ட பாட்டை அறியாத பிள்ளை, தன்னைப் போல் உலகில் எவரும் இல்லை என்று எண்ணித் தனியே வாடுகிறது. அவரும் இப்படி வருந்தினார், மருத்துவம் பெற்றார், தொழில் செய்தார், பிள்ளைகளை வளர்த்தார் என்று அதற்குச் சொல்லப்படுமானால், அதே குடும்ப வரலாறு அதற்கு ஊன்றுகோலாகும்.

அடங்காத பிள்ளையை ஒரு வீட்டில் காணும்போது, இது எந்த வழி வந்தது என்று கேட்பதற்கு முன், அப்பிள்ளைக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேட்போம். எந்த வழி என்ற கேள்வியை மருத்துவரிடம் விட்டுவிட்டு, அவர் கேட்கும் செய்திகளை ஒளிக்காமல் சொல்வோம். அப்பிள்ளையைத் தாங்கி நிற்கும் தாயையும் மறவாமல் கவனிப்போம். ஏழு மாதக் குழந்தையின் முகத்தைப் பார்த்து ஒரு வமிசத்திற்கே தீர்ப்பெழுதிய மனிதரின் வரிசையில் நாமும் நம் சுற்றத்தாரும் சேராதிருக்க வேண்டும்.